ஆப்பு இறுக்குவதற்கு

சுடுதளத்தில் மூன்றாவது குண்டு போனதும் என் ரிவால்வரின் சிலிண்டர் நின்றுவிட்டது. குதிரையை, அதாவது அடிக்கும் சுத்தியை, பின்னால் இழுத்தால் பாதி வழியில் கல்லில் முட்டியதுபோல் நிற்கிறது. உள்ளே இன்னும் இரண்டு அறைகளில் மருந்தும் குண்டும் இருக்கின்றன. பின்பக்க நிப்பிள்களின் மேல் கேப் என்ற வெடித்தொப்பியும் இருக்கிறது. அந்த நிலையில் செய்யக்கூடியது ஒன்றுதான். குழலை இலக்கு மேட்டைப் பார்த்தே வைத்துக்கொண்டு, விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, அவசரப்படாமல் நிற்க வேண்டும். பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் தன் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு வந்தார். எழுபதைத் தாண்டியவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே வெளிச்சம் தெரியவில்லை என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதை முழுதாகப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது.

நான் கோயம்புத்தூர் கணபதிக்காரன். அப்பா அங்கே முப்பது வருடம் லேத் பட்டறை நடத்தினார். நான் இப்போது ஒஹையோவில், சின்சினாட்டிக்குப் பக்கத்தில், ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருக்கிறேன். வெர்னியரும் மைக்ரோமீட்டரும்தான் சோறு போடுகின்றன. துப்பாக்கி மேல் எனக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. எங்கள் வீட்டிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் போனால் இண்டியானாவில் ஃபிரண்ட்ஷிப் என்று ஒரு சிற்றூர். 1933-இல் தொடங்கிய தேசிய முன்வாய்த் துப்பாக்கிச் சங்கத்தின் சுடுதளம் அங்கேதான் இருக்கிறது; மருந்தை முன்பக்கமாக அடைக்கும் பழைய துப்பாக்கிகளுக்கான சங்கம். ஜூனிலும் செப்டம்பரிலும் போட்டி நடக்கும். கூட வேலை பார்ப்பவர் கூப்பிட்டாரே என்று ஒரு செப்டம்பரில் போனேன். அங்கே ஒரு மேசையில் கோல்ட் 1851 நேவி ரிவால்வரின் பிரதி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மூன்றே துண்டு: குழல், சிலிண்டர், பிடியோடு சேர்ந்த சட்டம். மூன்றையும் சேர்த்துப் பிடித்து வைப்பது சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத ஒரு எஃகு ஆப்பு. பட்டறையில் வளர்ந்தவனுக்கு அதுவே போதும். அன்றைக்குப் பிடித்தது.

இந்தத் துப்பாக்கியில் இன்று நாம் பார்க்கும் தோட்டா கிடையாது. சிலிண்டரின் ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாகக் கரிமருந்தை அளந்து கொட்டி, அதன் மேல் ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியிலிருக்கும் நெம்புகோலால் திணிக்க வேண்டும். பின்பக்கம் ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிப்பிள், கிரீஸ் நிப்பிள் மாதிரிதான். அதன் தலையில் செம்பாலான சின்னத் தொப்பி ஒன்றை மாட்ட வேண்டும். அதுதான் கேப். தீபாவளிக்குக் கல்லால் தட்டி வெடிப்போமே பொட்டு வெடி, அதே வேலைதான். குதிரை அதன் மேல் அடிக்கும், தீப்பொறி நிப்பிள் துளை வழியாக உள்ளே போகும், மருந்து பற்றிக்கொள்ளும். சாமுவேல் கோல்ட் 1836-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. 1851-இல் வந்த நேவி, .36 அளவு (அங்குலத்தில் குழல் துளையின் விட்டம்), ஏழரை அங்குலக் குழல். ஹார்ட்ஃபோர்டில் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1853 முதல் 1856 வரை லண்டனிலும் ஒரு தொழிற்சாலை ஓடியது. 1857-இல் இந்தியாவுக்கு வந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலரின் இடுப்பில் தொங்கியதும் இந்த நேவிதான்.

பிரதிகள் வந்த கதை வேறு. 1961-இல் அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு நூறாண்டு நிறைவு. அந்தக் காலத் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் நிறையப் பேர். அசல்களோ தேய்ந்தும் விலையேறியும் கிடந்தன. வால் ஃபோர்கெட் என்ற அமெரிக்க வணிகர் 1950-களின் கடைசியில் வட இத்தாலியில் கார்தோனே வால் திரோம்பியா என்ற ஊருக்குப் போய், அங்கே கிரெகொரெல்லி, ஆல்டோ உபெர்ட்டி ஆகியோரைக் கொண்டு முதல் நேவி பிரதிகளைச் செய்ய வைத்தார். பெரெட்டா குடும்பம் 1526-லிருந்தே துப்பாக்கிக் குழல் செய்துவரும் பள்ளத்தாக்கு அது. இன்றைக்கும் இந்தப் பிரதிகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன. ஒவ்வொன்றையும் இத்தாலிய அரசுச் சோதனைக் கூடத்தில் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துகிறார்கள். பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் அந்த முத்திரையைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. சின்னப் பெட்டிக்குள் இருக்கும் எழுத்துதான் ஆண்டு. 1974 வரை ரோமன் எண்களில் வரும். 1975-லிருந்து ஆங்கில எழுத்து இரண்டிரண்டாக வரும், 'ஏஏ' என்று தொடங்கி. 'பிஎன்' (PN) என்ற முத்திரைக்குக் கரிமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டது என்று பொருள். அதை ஆண்டு எழுத்தாக எடுத்துக்கொண்டு விலை பேசுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அரசுச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் இவற்றைப் பழங்கால ஆயுதம் என்ற வகையில் வைக்கிறது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை மாறும். நியூ ஜெர்சியில் மற்றக் கைத்துப்பாக்கிகளைப் போலவே இதற்கும் முன்னனுமதி வேண்டும். உங்கள் மாநிலத்தில் என்ன என்று பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி முன்வாய்த் துப்பாக்கிக்கும் உரிமம் தேவை. 'பழைய மாடல்தானே', 'பிரதிதானே' என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது.

நான் முதலில் வாங்கியது பித்தளைச் சட்டம் போட்ட .44 'நேவி'. கடையில் அதுதான் இருப்பதிலேயே மலிவு, பார்க்கவும் தங்கம்போல் மின்னியது. அப்படி ஒரு துப்பாக்கி வரலாற்றிலேயே கிடையாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அசல் நேவி .36 மட்டுமே. பித்தளைச் சட்டம் உண்மையில் இருந்தது ஜார்ஜியாவில், 1862-லிருந்து 1864 வரை கிரிஸ்வோல்ட் தொழிற்சாலை தெற்குப் படைக்குச் செய்து கொடுத்த மூவாயிரத்துச் சொச்சம் ரிவால்வர்களில். இரும்புத் தட்டுப்பாட்டால் பித்தளைக்குப் போனார்கள். அவையும் .36 தான். என்னுடைய .44-இல் மருந்தைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு ஒரு கோடைகாலம் சுட்டேன். ஒவ்வொரு முறையும் சிலிண்டர் பின்னால் உதைத்து உதைத்து, சட்டத்தில் அதன் பல்சக்கரம் அச்சு வைத்ததுபோல் பதிந்துவிட்டது. நடுத்தண்டும் சட்டத்தில் ஆட ஆரம்பித்தது. பித்தளை கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மருந்தைக் குறைத்துப் போட்டால் பல வருடம் தாங்கும். ஆனால் முதல் துப்பாக்கியாக வாங்குகிறவர் நூறு டாலர் கூடக் கொடுத்தாவது எஃகுச் சட்டம் வாங்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாவதாக வந்ததுதான் ஆரம்பத்தில் சொன்ன நேவி. எஃகுச் சட்டம், .36, பழையது, பெட்டிக்குள் 'பிஎம்' (BM) என்று முத்திரை, அதாவது 1999. சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி செதுக்கியிருக்கும்: 1843-இல் காம்பேச்சே அருகே டெக்ஸாஸ் கடற்படை மெக்ஸிகோவுடன் மோதியது. நேவி என்ற பெயர் நிலைத்ததற்கு இந்தக் கப்பல்கள்தான் காரணம். வாங்கிய அன்று இரவு முழுக்க அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடி கைக்குள் உட்காரும் விதத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சுட்டுவிரலை நீட்டினால் குழலும் அதே திசையில் நிற்கும். பின்பார்வை என்று தனியாக எதுவும் இல்லை. குதிரையின் மூக்கில் ஒரு வெட்டு, அதை இழுத்து நிறுத்தினால்தான் பார்வை கிடைக்கும். 25 கெஜத்தில் குண்டு உயரே போகும், கீழே குறி வைக்கப் பழக வேண்டும்.

சரி, அந்த ஆப்புக்கு வருகிறேன்.

கோல்ட் வடிவத்தில் சிலிண்டருக்கு மேலே பாலம்போல் எதுவும் கிடையாது. சட்டத்திலிருந்து முன்னோக்கி நீண்டு வரும் தடித்த நடுத்தண்டின் மேல் சிலிண்டர் சுற்றுகிறது. அதே தண்டு குழலுக்கு அடியில் ஒரு குழிக்குள் நுழைகிறது. தண்டிலும் குழலிலும் குறுக்கே ஒரு வெட்டு. ஆப்பு அதற்குள் நுழைந்து இரண்டையும் இறுக்குகிறது. கோல்ட் வரைந்த கணக்குப்படி தண்டின் நுனி குழியின் அடியைத் தொட்டு நிற்க வேண்டும். கீழே சட்டமும் குழலும் சேரும் இடம் ஒரு ஊன்றுகால், மேலே தண்டின் நுனி இன்னொரு ஊன்றுகால். இரண்டும் சரியாக முட்டி நின்றால் ஆப்பை எவ்வளவு அடித்தாலும் குழல் இம்மி நகராது.

என் துப்பாக்கியில் தண்டு குட்டை. நுனி குழியின் அடியைத் தொடவே இல்லை. அதனால் ஆப்பை அடிக்க அடிக்கக் குழல் பின்னால் சாய்ந்து சிலிண்டரின் முகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். லேசாகச் செருகினால் இடைவெளி கூடி, பக்கவாட்டில் தீயும் புகையும் அடிக்கும். இரண்டு சுற்றில் ஆப்பும் தளர்ந்துவிடும். அன்றைக்கு நான் நன்றாக இறுக்கியிருந்தேன். மூன்று குண்டு சுட்ட கரி, இல்லாத இடைவெளியில் அப்பிக்கொண்டது. பெரியவர் தேடிய வெளிச்சம் அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பேசும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். துப்பாக்கி வாங்கியதில் அவருக்குச் சந்தோஷம் இல்லை, ஆனால் இயந்திரம் என்றால் காது கொடுப்பார். எவ்வளவு தூரம் ஆப்பை அடிப்பது என்று கோடு போட்டு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"ஆப்பு இறுக்கறதுக்குத்தான் கண்ணு, அளவு வெக்கறதுக்கு இல்ல. அளவு வெக்க வேற ஒண்ணு இருக்கோணும். தடுப்பு எங்கன்னு பாரு."

தடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம் இருந்தது. உங்கள் துப்பாக்கியில் இந்தக் குறை இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. சிலிண்டரைக் கழற்றிவிட்டு, குழலை நேராகப் போடாமல் பக்கவாட்டில் திருப்பித் தண்டில் முட்டும்வரை செருகுங்கள். குழலின் கீழ்ப்பகுதி சட்டத்தின் முகத்துக்குச் சமமாக நின்றால் தண்டு சரியான நீளம். சட்டத்தைத் தாண்டிப் பின்னால் போனால், எவ்வளவு தாண்டுகிறதோ அவ்வளவு குட்டை. என்னுடையது 110 தௌ தாண்டியது. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பட்டறைக் கணக்கு.

குழியின் விட்டத்துக்கு ஒரு எஃகு வட்டு கடைந்துகொண்டேன், வேண்டுமென்றே 125 தௌ கனத்தில். அதைக் குழிக்குள் போட்டு, துப்பாக்கியைக் கோத்து, ஆப்பை அடித்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்ப்பேன். இடைவெளி அதிகம். பிரித்து, வட்டைக் கண்ணாடிமேல் விரித்த எமரித் தாளில் எட்டு வடிவத்தில் தேய்த்து, துடைத்து, மறுபடி கோத்து அளப்பேன். கராஜில் ஹீட்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு நான்கு மாலைகள் இதே வேலை. கடைசி நாளில் ஒவ்வொரு தடவையும் ஒரு தௌவுக்கும் குறைவாகத்தான் எடுத்தேன். அளவைத் தாண்டிவிட்டால் புது வட்டு கடைய வேண்டும். ஆறு தௌ வந்ததும் நிறுத்தினேன். ஆப்பைப் பிளாஸ்டிக் சுத்தியால் இன்னும் இரண்டு அடி அடித்து அளந்தேன். ஆறு. கழற்றி மறுபடி மாட்டி அளந்தேன். ஆறு. குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன், மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

லேத் வசதி இல்லாதவர்கள் பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) துண்டுகளை அடுக்கியும் இதைச் செய்கிறார்கள். அதுவும் வேலை செய்யும். ஆனால் ஆணிகளைத் தொடும் முன் நல்ல திருப்புளி வாங்கிவிடுங்கள். இந்தப் பிரதிகளின் ஆணித் தலைகள் மிருதுவானவை. வீட்டில் கிடக்கும் சரிவு முனைத் திருப்புளியைப் போட்டால் காடி சிதைந்துபோகும். பக்கங்கள் இணையாக இருக்கும் முனைகளைத் துப்பாக்கி வேலைக்கென்றே விற்கிறார்கள். நிப்பிள்களையும் புதிதாக வந்த அன்றே கழற்றி, மரையில் கிரீஸ் தடவி மாட்டி வையுங்கள். இல்லையென்றால் ஒரு வருடத்தில் அவை அசையாது.

இடைவெளி சரியானதும் மற்றக் குறைகள் வெளியே தெரிய ஆரம்பித்தன. முதலாவது கேப். சுட்டதும் கேப் கிழிகிறது. அறையிலிருந்து பின்னால் வரும் அழுத்தம் குதிரையைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறது. அந்த நேரத்தில் கேப்பின் ஒரு துணுக்கு குதிரையின் காடிக்குள் விழுந்து உள்ளே போய்விடுகிறது. எள்ளில் பாதி அளவு செம்புத் துணுக்கு போதும், முழுத் துப்பாக்கியும் நின்றுவிடும். அந்தக் காலத்தில் குழலை வானம் பார்க்கத் தூக்கிக் குதிரையை இழுப்பார்கள், துணுக்கு வெளியே விழட்டும் என்று. இன்றைய சுடுதளங்கள் பலவற்றில் அதற்கு அனுமதி இல்லை. துளை குறுகலான நல்ல நிப்பிள் போட்டு, குதிரையின் அடிக்கும் முகத்தில் இருந்த பிசிறை வழவழப்பாக்கியதும் எனக்கு முக்கால்வாசித் தொல்லை தீர்ந்தது. 10-ஆம் எண் கேப்பும் 11-ஆம் எண் கேப்பும் ஒன்றுபோல் தெரிந்தாலும் ஒன்றல்ல; நிப்பிளுக்கு எது கச்சிதமாக உட்காருகிறதோ அதைத்தான் வாங்க வேண்டும். தளர்வான கேப்பை விரலால் நசுக்கி மாட்டும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. நான் விட்டுவிட்டேன். மாட்டிய பிறகு ஒரு மரக்குச்சியால் ஒவ்வொன்றையும் அழுத்திவிடுவேன். முழுக்க உட்காராத கேப்பில் குதிரையின் முதல் அடி அதை உட்கார வைப்பதிலேயே போய்விடும், வெடிக்காது. 2020, 2021-இல் கேப்பே கிடைக்கவில்லை. கிடைக்கும்போது இரண்டு டப்பா கூட வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, ஒன்றுக்கு மேற்பட்ட அறைகள் ஒரே நேரத்தில் வெடிப்பது. ஒரு முறை பக்கத்துத் தடத்தில் பார்த்தேன். சத்தம் கனமாகக் கேட்டது, சுட்டவர் துப்பாக்கியை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார், சிலிண்டரில் இரண்டு அறைகள் காலி. கைக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்ல காலம். குண்டு அறையை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். திணிக்கும்போது குண்டைச் சுற்றி மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவிக்கொண்டு வர வேண்டும். அந்த வளையம் முழு வட்டமாக வந்தால் அறை அடைபட்டுவிட்டது என்று நம்பலாம். என் நேவிக்கு .375 குண்டில் வளையம் அரைகுறையாக வந்தது; .380-க்கு மாறியபின் ஒவ்வொரு முறையும் முழுதாக வருகிறது. பின்பக்கம் தளர்ந்த கேப்பும் இதற்குக் காரணமாகலாம் என்பதால் அங்கேயும் அதே கவனம்.

மருந்து விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. கரிமருந்து, அல்லது அதற்கு மாற்றாகச் செய்யப்பட்டு டப்பாவில் அப்படியே எழுதியிருக்கும் மருந்து. புகையில்லா நவீன மருந்து ஒரு சிட்டிகைகூட இதற்குள் போகக் கூடாது, சிலிண்டர் வெடித்துவிடும். என் நேவிக்கு 20 கிரெயின் போடுகிறேன், கையேடு சொல்லும் உச்ச அளவுக்குக் கீழே. குடுவையிலிருந்து நேரே அறைக்குள் கொட்டுவதில்லை; உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் கையில் பிடித்திருக்கும் மருந்து முழுதும் போய்விடும். வீட்டிலேயே சின்னக் குப்பிகளில் அளந்து கொண்டுபோகிறேன். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இருக்கக் கூடாது. குறைந்த மருந்து போடும்போது குண்டு மிக ஆழத்தில் போய்விடும் என்பதால், மருந்தின் மேல் ரவை போட்டு நிரப்புகிறார்கள். இங்கே பலரும் போடுவது கோதுமைக் குருணைக் கஞ்சிமாவு. நான் வீட்டு உப்புமா ரவையைத்தான் போடுகிறேன், அதற்கென்று தனி டப்பாவில் எடுத்து வைத்து.

குண்டின் மேல் தடவும் கொழுப்புக்கும் இதேபோல் ஒரு வீட்டு வழி கிடைத்தது. பிரியாணிக்கு ஆட்டுக்கறி வாங்கும் கடையில் கொழுப்பைத் தனியே கேட்டு வாங்கி, உருக்கி வடிகட்டி, தேன்மெழுகோடு கலந்து, கம்பளி வட்டுகளை அதில் தோய்த்து எடுக்கிறேன். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே அந்த வட்டு போகும், கரியை மிருதுவாக வைத்திருக்கும். பெட்ரோலிய எண்ணெய் போட்டால் கரி தார்போல் கட்டிப்போகிறது. கொழுப்பும் மெழுகும் சேர்ந்த இந்த மசகுதான் 1857-இல் என்ஃபீல்டு தோட்டாக்களில் எந்த விலங்கின் கொழுப்பு என்ற கேள்வியாகி, சிப்பாய்களின் பொறுமையை உடைத்தது. அடுப்பில் கொழுப்பு உருகும்போது ஒவ்வொரு தடவையும் அது நினைவுக்கு வரும்.

கரிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். இந்தியாவுக்கும் இந்தத் துப்பாக்கிக்கும் உள்ள நெருக்கமான உறவு அந்த வெடியுப்பில்தான் இருக்கிறது. பீகார் மண்ணில் பூத்து, கல்கத்தா வழியாகக் கப்பலேறியது அது. 1861 கடைசியில் லாமோட் டு பாண்ட் என்ற அமெரிக்கக் கரிமருந்து உற்பத்தியாளர் லண்டனுக்குப் போய் வடக்குப் படைக்காக அதை மொத்தமாக வாங்கிக் குவித்தார். அந்தச் சமயம் பார்த்து, ட்ரென்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலிலிருந்து தெற்கின் தூதர்களை அமெரிக்கக் கடற்படை பிடித்த விவகாரம் வெடித்து, பிரிட்டன் ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. தகராறு தீர்ந்த பிறகே சரக்கு கிளம்பியது. லிங்கனின் படை சுட்ட மருந்தில் நம் பக்கத்து மண் இருந்தது என்று சங்கத்துப் பெரியவரிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது சுத்தம் செய்வது. இதில்தான் எனக்குப் பெரிய இழப்பு ஏற்பட்டது. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சுட்டுவிட்டு வந்தேன். அன்று மாலை கொலம்பஸில் உறவுக்காரர் வீட்டு வரவேற்பு. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று உறையோடு வைத்துவிட்டுக் கிளம்பினோம், திரும்பியது ஞாயிறு இரவு. ஒஹையோ பள்ளத்தாக்கின் புழுக்கம் போதுமானதாக இருந்தது. குழலுக்குள் செங்கல் நிறம். தேய்த்து எடுத்த பிறகும் இரண்டு அறைகளின் வாயில் ஊசி குத்தியதுபோல் பள்ளங்கள் நிலைத்துவிட்டன. எரிந்த கரிமருந்தில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே தங்குகிறது; அதில் இருக்கும் உப்புகள் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பில் வைக்கின்றன. அதனால் சுட்ட அன்றே கழுவ வேண்டும். எண்ணெயால் துடைப்பது கழுவுவது ஆகாது. அந்த உப்புகள் கரைவது தண்ணீரில்.

மரப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கலந்து, எல்லாத் துண்டுகளையும் அதில் போட்டுத் தேய்க்கிறேன். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம்; எடுத்த உடனே மேலே மஞ்சள் துரு படர்கிறது. கழுவி, துடைத்து, ஹேர் டிரையரால் ஈரம் போக உலர்த்தி, லேசாக எண்ணெய் தடவுவேன். முதல் தடவை இதைச் சமையலறையில் செய்தேன்.

"ஏங்க, அழுகின முட்டை மாதிரி நாறுது, முதல்ல அதை வெளிய கொண்டு போங்க," என்றாள் மனைவி.

வாடையை விடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது, அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்தத் தண்ணீரில் ஈயம் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சமையலறைத் தொட்டியில் அது படவே கூடாது. அதிலிருந்து எல்லாம் கராஜில்தான்: தனி வாளி, தனி பிரஷ், கையுறை. சுடுதளத்திலிருந்து வந்ததும் சட்டையைத் தனியாகத் துவைக்கப் போட்டு, கைமுகம் கழுவிவிட்டுத்தான் எதையும் வாயில் வைப்பேன். துப்பாக்கி பூட்டிய பெட்டியில். மருந்தும் கேப்பும் வேறு வேறு இடத்தில். என் பையனுக்குப் பன்னிரண்டு வயது. கூட உட்கார்ந்து துடைப்பான், ஆனால் ஒவ்வொரு தடவையும் நிப்பிள்களையும் அறைகளையும் வெளிச்சத்தில் காட்டி, காலி என்று அவன் வாயால் சொன்ன பிறகுதான் கையில் கொடுப்பேன். பார்க்கக் காட்சிப் பொருள் மாதிரி இருப்பதால் ஆபத்து குறைந்துவிடவில்லை. நூற்றெழுபது வருடத்துக்கு முன் ஆளைக் கொன்ற அதே குண்டுதான் இன்றும் அதில் போகிறது.

கோல்டா, ரெமிங்டனா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ரெமிங்டன். ஃபோர்டைஸ் பீல்ஸ் 1858-இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. சிலிண்டருக்கு மேலும் சட்டம் வளைந்து மூடியிருக்கும், ஆப்பு கிடையாது, சிலிண்டர் சுற்றும் ஊசியை இழுத்தால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். சட்டத்தின் மேல் காடியாகப் பின்பார்வை, அதுவும் அசையாது. கேப் துணுக்குத் தொல்லையும் குறைவு. ஒரே குறை, அந்த ஊசி ஒல்லி என்பதால் கரி சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். நானும் ஒன்று வைத்திருக்கிறேன், நண்பர்களுக்குக் கற்றுக்கொடுக்க அதைத்தான் எடுப்பேன். போட்டிக்கு என் கை போவது நேவி மேல்தான்.

கடந்த செப்டம்பரில் ஃபிரண்ட்ஷிப்பில் ஐந்தைந்தாக ஆறு சுற்று, முப்பது குண்டு, ஒரு இடத்திலும் நிற்காமல் சுட்டு முடித்தேன். ஐந்துதான் போடுவோம், ஆறாவது அறை காலி, குதிரை அதன் மேல் இறங்கி நிற்கும். முடித்து வைத்ததும் பெரியவர் வந்து துப்பாக்கியை வாங்கி, குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே பார்த்தார். பிறகு தன் பெட்டியைத் திறந்து அவருடைய நேவியை எடுத்து என் கையில் வைத்தார். அவருடைய அப்பா வாங்கித் தந்தது. முத்திரைப் பெட்டிக்குள் ரோமன் இருபது, அதாவது 1964. ஆப்பில் ஒரு பழைய கோடு கீறியிருந்தது. அதைத் தாண்டி அடிக்கக் கூடாது என்று அவர் அப்பா சொல்லிக்கொடுத்தாராம். இத்தனை வருடமும் அந்தக் கோடுவரைதான் அடித்துச் சுட்டிருக்கிறார், சுற்றுக்குச் சுற்று தளர்ந்ததை மறுபடி தட்டிக்கொண்டு.

இப்போது அது என் கராஜ் மேசையில் பிரித்துக் கிடக்கிறது. பக்கவாட்டில் திருப்பிச் செருகிப் பார்த்தேன், தண்டு 90 தௌ குட்டை. எஃகு வட்டு 105-க்குக் கடைந்து வைத்திருக்கிறேன். எமரித் தாள் வாங்க வேண்டும்.